மூட்டுவாதமும் ஆஸ்பத்திரியில் இரண்டு வாரமும்

(கட்டைபறிச்சானில் நடைபெற்ற உறுப்பினர் குடும்பங்களின் ஒன்றுகூடலில், எமது சங்கத்தின் சுகாதாரக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை. கூட்டத்துக்கு வர முடியாமல் போன தோட்டக் கிளைகளின் வேண்டுகோளின்படி இங்கு தரப்படுகிறது.)



தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குக் கொட்டியாரக் கரையில் என்ன வேலை என்று வரும் வழியில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். 1977இலும் 1983இலும் அடிபட்டு மலையை விட்டு இறங்கிய நம் ஆட்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனது போலவே இந்தத் திருகோணமலை மாவட்டத்துக்கும் வந்தார்கள். அவர்களுடைய அக்காவும் மாமாவும் இன்னும் ஹட்டனிலும் பதுளையிலும் லயத்தில் இருக்கிறார்கள். ஊர் மாறினாலும் நாட்கூலி மாறவில்லை. மலையில் கொழுந்து எடுத்த கை இங்கே நாற்று நடுகிறது, கதிர் அறுக்கிறது. அந்தக் கையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

இந்த ஊருக்கு நோயாளியோடு அலைவது என்னவென்று நாம் சொல்லித் தரத் தேவையில்லை. 2006இல் சம்பூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த சனம் இங்கேயும் மணற்சேனையிலும் பட்டித்திடலிலும் கிளிவெட்டியிலும் முகாமில் பல வருடம் கிடந்ததைக் கண்டவர்கள் நீங்கள். மூதூரிலிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் குடாவைப் படகில் கடந்த காலத்தையும் கண்டவர்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. பின்னர் மற்றப் பாலங்களும் வந்தன. பாதை திறந்துவிட்டது. ஆனால் அந்தப் பாதையில் போய் இரண்டு வாரம் தங்கி வைத்தியம் செய்துகொண்டு வர ஒரு கூலித் தொழிலாளியால் முடிகிறதா? இன்றைய பேச்சு இதைப் பற்றியதுதான்.

எந்த வலியைப் பற்றிப் பேசுகிறோம்?

வாதம் என்றதும் பலர் பாரிசவாதம் என்று நினைக்கிறார்கள். நாம் சொல்வது மூட்டைப் பிடிக்கும் வாதம். அதிலும் பல வகை உண்டு. வயது போகப் போகவும் சுமை தூக்கித் தூக்கியும் முழங்கால் தேய்வது ஒரு வகை. யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரல் வீங்குவது இன்னொன்று. இளம் ஆண்களுக்கு நாரியில் தொடங்கி முதுகெலும்பை விறைக்க வைப்பதும் ஒன்று உண்டு. 2006 கடைசியிலும் 2007இலும் வடக்கு கிழக்கில் சிக்குன்குனியாக் காய்ச்சல் பரவியது நினைவிருக்கும். காய்ச்சல் ஒரு கிழமையில் போனது. மூட்டு வலி சிலருக்கு மாதக்கணக்கில் போகவில்லை.

இவற்றுள் நம் பெண்களை மிக மோசமாகத் தாக்குவது முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே திசைமாறித் தன் சொந்த மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு வீங்குகிறது. வீங்கிய சவ்வு பக்கத்து எலும்பையும் குருத்தெலும்பையும் அரிக்கிறது. ஆண்களை விடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகம். முப்பது, நாற்பது, ஐம்பது வயதில், அதாவது குடும்பம் முழுவதும் ஒரு பெண்ணின் கையை நம்பியிருக்கும் வயதில்தான் பெரும்பாலும் தொடங்குகிறது.

அடையாளம் கடினமல்ல. காலையில் எழும்பும்போது கை விறைத்திருக்கும். அரை மணி, ஒரு மணி நேரம் போனாலும் இளகாது. விரல் நடுமூட்டும் மணிக்கட்டும் வீங்கும். ஒரு கையில் வந்தால் மறு கையிலும் வரும். வேலை செய்த பிறகு வலித்து, ஓய்வெடுத்தால் ஆறுவது தேய்மானம். ஓய்வெடுத்து எழும்பும்போதே வலிப்பது இந்த வாதம். இப்படி ஆறு கிழமை நீடித்தால் எண்ணெய் பூசிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். எண்ணெய் பூசுவதில் பிழையில்லை, காத்திருப்பதுதான் பிழை. முதல் சில மாதங்களிலேயே சரியான மருந்து தொடங்கினால் விரல் வளையாமல் காப்பாற்றலாம். வளைந்த விரலை மருந்து நிமிர்த்தாது.

எமது உறுப்பினர் ஒருவரின் கதை

பெயர் சொல்லாமல் ஒரு கதை சொல்கிறோம். மத்திய மலைநாட்டில் ஒரு தோட்டம். அந்த அக்காவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. காலையில் துணி பிழிய முடியவில்லை. பனிக்குளிர் என்று நினைத்தார். பிறகு கொழுந்து பறிக்க விரல் மடங்கவில்லை. இறாத்தல் குறைந்தது. இறாத்தல் குறைந்தால் அரைப்பேர்தான். தோட்ட ஆஸ்பத்திரியில் வலிக்குக் குளிசை கிடைத்தது. டவுனில் யாரோ ஒருவர் ஒரு வெள்ளைக் குளிசை கொடுத்தார். அதைப் போட்டால் இரண்டு நாளில் பறக்கலாம் போல இருந்ததாம். அது ஸ்டீரொயிட் என்பது பிறகுதான் தெரிந்தது. முகம் ஊதியது, சீனி வருத்தம் வந்தது. மூன்று வருடம் இப்படிப் போன பிறகு ஒரு பெரிய வைத்தியசாலையில் வாட்டில் சேர்த்தார்கள்.

இரண்டு வாரம் இருக்க வேண்டும் என்றார்கள். நான்காம் நாள் அக்கா துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகப் பார்த்தார். சின்னவள் பள்ளிக்கூடம் போகவில்லை என்று போன் வந்தது. செக்ரோலில் பேர் விழாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. எப்படியோ பேசி நிறுத்தினோம். ஆனால் அங்கே கைக்கு அப்பியாசம் சொல்லிக் கொடுத்தவர் பேசிய மொழி அக்காவுக்கு விளங்கவில்லை. மரியாதைக்குத் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்தபின் மருந்துப் பையில் எழுதியிருந்ததும் விளங்கவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போட வேண்டிய மெதொட்ரெக்சேட்டைத் தினமும் போட்டார். நான்காம் நாள் வாயெல்லாம் புண். பக்கத்து லயத்தில் ஏ.எல். படிக்கும் பிள்ளை மருந்துப் பையை வாசித்துப் பார்த்துக் கத்தியதால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பிழைத்தார். நாலு நாள் இன்னும் ஒரு கிழமையாக நீண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இந்தக் கதையில் மருந்து இருந்தது, கட்டில் இருந்தது, டொக்டர் இருந்தார். அப்படியிருந்தும் பிழைத்தது அரும்பொட்டு. இல்லாமல் போனது எது என்று நாம் சுகாதாரக் குழுவில் உட்கார்ந்து பல நாள் பேசினோம்.

வாட்டில் சேர்ப்பது எதற்கு?

முன்னொரு காலத்தில் உலகம் முழுவதும் மூட்டுவாதக்காரரை மாதக்கணக்கில் கட்டிலில் படுக்க வைத்தார்கள். ஓய்வுதான் மருந்து என்று நினைத்தார்கள். வெறும் படுக்கை தசையைக் கரைத்து மூட்டை இன்னும் விறைக்க வைக்கும் என்பது பிறகு தெரிந்தது. இன்று வாட்டில் சேர்ப்பதன் நோக்கம் வேறு. பலதுறை ஆட்கள் ஒரே காலத்தில் ஒரே நோயாளியைப் பார்த்து, ஒன்றாகப் பேசி, ஒரே திட்டம் போடுவதற்காகத்தான் சேர்க்கிறார்கள்.

யார் யார் அந்தக் குழுவில்? வாதநோய் நிபுணர் மூட்டைத் தொட்டுப் பார்த்து, இரத்தம் சோதித்து, மருந்தைத் தீர்மானிக்கிறார். தாதி மருந்தை எப்போது, எப்படிப் போடுவது என்று கற்றுத் தருகிறார், பக்கவிளைவைக் கவனிக்கிறார். பிசியோதெரபி செய்பவர் சூடான மெழுகில் கையை நனைத்து விறைப்பை இளக்கி, மூட்டை எந்த அளவுக்கு அசைக்கலாம் என்று காட்டி, இளைத்த தசைக்குப் பலம் ஏற்றுகிறார். தொழில்வழிச் சிகிச்சையாளர் இரவில் விரலை நேராக வைத்திருக்க மட்டை செய்து கொடுக்கிறார். குடத்தை எப்படித் தூக்குவது, கத்திப்பிடியை எப்படித் தடிப்பாக்குவது, தேங்காய் திருவும்போது மணிக்கட்டை எப்படி வைப்பது என்பதையெல்லாம் செய்து காட்டுகிறார். சமூக சேவை உத்தியோகத்தர் வீட்டு நிலைமையைக் கேட்கிறார். தேவைப்பட்டால் மனநலம் பார்ப்பவரும், சப்பாத்து செய்து கொடுப்பவரும் சேர்கிறார்கள். வலியோடு வருடக்கணக்கில் வாழ்பவரின் மனம் சோர்வது பலவீனம் அல்ல, நோயின் ஒரு பாகம்.

நம் நாட்டில் இதற்கு இடம் இல்லையென்று யாரும் நினைக்க வேண்டாம். ராகமையில் வாதநோய்க்கும் புனர்வாழ்வுக்கும் என்றே ஒரு அரசாங்க வைத்தியசாலை இருக்கிறது. கண்டி மாவட்டத்தில் திகனையில் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது. கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் இதற்கான பிரிவு உண்டு. இலங்கையில் வாதநோயையும் புனர்வாழ்வையும் ஒரே துறையாகப் படித்துத்தான் நிபுணர் ஆகிறார்கள். மருந்தும் பயிற்சியும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தப் படிப்பிலேயே இருக்கிறது. இதெல்லாம் இலவசம். இன்னொன்றையும் கவனியுங்கள். பதுளையிலிருந்து வரும் ரயிலும் திருகோணமலையிலிருந்து வரும் ரயிலும் ராகமையைக் கடந்துதான் கொழும்புக்குப் போகின்றன. ஆனால் நம்மில் எத்தனை பேர் அங்கே இறங்கியிருக்கிறோம்?

வெளிநாட்டில் என்ன கண்டார்கள்?

நெதர்லாந்தில் லெய்டன் நகரத்து வைத்தியர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடக்குவாதம் தீவிரமாக இருந்த 80 பேரை எடுத்தார்கள். ஒரு பகுதியினரை 11 நாள் வாட்டில் வைத்துக் குழுவாகக் கவனித்தார்கள். மற்றவர்கள் வழமை போல கிளினிக்குக்கு வந்து போனார்கள். 1996இல் முடிவு வெளிவந்தது. வாட்டில் இருந்தவர்களுக்கு நல்ல முன்னேற்றம் கிடைத்தது. ஜெர்மனியில் இந்த வகைச் சிகிச்சை என்று ஆஸ்பத்திரி கணக்கில் எழுத வேண்டுமானால் வாரத்துக்குக் குறைந்தது 11 மணி நேரம் பயிற்சியும் சிகிச்சையும் கொடுத்திருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. சும்மா கட்டிலில் படுக்க வைத்துக் கணக்கெழுத முடியாது.

கதை அதோடு முடியவில்லை. அதே நாட்டில் பிறகு 210 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு வாட்டில் தங்கியது. ஒரு பிரிவு பகலில் வந்து குழுவிடம் சிகிச்சை பெற்று மாலையில் வீடு போனது. மூன்றாவது பிரிவை வாதநோயில் விசேட பயிற்சி பெற்ற ஒரு தாதி கிளினிக்கில் கவனித்து, தேவையான இடத்துக்கு அனுப்பினார். 2002இல் வந்த முடிவின்படி மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறினார்கள். செலவு மிகக் குறைந்தது தாதி கவனித்த பிரிவில்.

தோழர்களே, இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். "பார்த்தீர்களா, வாட்டு தேவையில்லை, மூடிவிடலாம்" என்று காசுக் கணக்குப் பார்ப்பவர்கள் படிப்பார்கள். நாம் அப்படிப் படிக்கவில்லை. அந்த நாட்டில் நோயாளியின் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி அரை மணித்தியாலம். தாதி பேசுவது நோயாளியின் மொழி. வருத்தத்தில் வீட்டில் இருந்தால் சம்பளம் நிற்காது. அங்கே தாதி ஒருவர் போதும் என்றால் அதில் நியாயம் இருக்கிறது. கட்டைபறிச்சானிலிருந்து ராகமைக்கு ஏறத்தாழ 250 கிலோமீற்றர். பிசியோதெரபிக்கு வாரத்தில் மூன்று நாள் வந்து போங்கள் என்றால் யார் போவது? தூரத்தில் இருப்பவருக்கும், நோய் முற்றியவருக்கும், வீட்டில் ஓய்வே கிடைக்காத பெண்ணுக்கும் இரண்டு வாரக் கட்டில் இன்னும் தேவை. அதே நேரம் திரும்பி வந்தபின் கவனிக்க, நம் பக்கத்து ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்ற ஒரு தாதி தேவை. ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பதை நாம் ஏற்க முடியாது.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, சம்பளம். வைத்தியர் எழுதிக் கொடுத்து வாட்டில் இருக்கும் நாட்களை வராத நாளாகக் கணக்கிட்டு, வரவுக்கான கொடுப்பனவையும் வெட்டுவது நிற்க வேண்டும். சம்பளத்தைப் பேசும்போது இதையும் மேசையில் வைக்க எமது சுகாதாரக் குழு முன்மொழிந்திருக்கிறது.

இரண்டாவது, மொழி. தமிழும் அரச கரும மொழி. அரசியலமைப்பில் எழுதியிருக்கிறது. மருந்துப் பையில் "வாரத்தில் ஒரு நாள், இந்தக் கிழமை" என்று தமிழில் எழுதுவதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. அப்பியாசத்தைத் தமிழில் விளக்க ஓர் ஆள், அல்லது தமிழில் அச்சடித்த படத்தாள் வேண்டும். கேட்காமல் கிடைக்காது.

மூன்றாவது, பக்கத்து ஆஸ்பத்திரி. மூதூர் ஆதார வைத்தியசாலையிலும் மலையகத்தின் ஆதார வைத்தியசாலைகளிலும் மாதத்தில் ஒரு நாளாவது டொக்டர், தாதி, பிசியோதெரபி மூவரும் ஒன்றாக மூட்டுவாதக்காரரைப் பார்க்கும் நாள் ஒன்று வேண்டும். குருதிப் பரிசோதனைக்காக ஒரு நாளும், மருந்துக்காக இன்னொரு நாளும், பயிற்சிக்காக மூன்றாம் நாளும் அலைய வைத்தால், கூலி வேலை செய்பவர் மூன்றில் இரண்டை விட்டுவிடுவார்.

நான்காவது, திரும்பி வந்தபின் வேலை. கை பழைய நிலைக்கு வராதவருக்கு இலேசான வேலை கொடுக்க வேண்டும். முடியாது என்று சொல்லி இராஜினாமாக் கடிதத்தில் கைநாட்டு வாங்க வந்தால் வைக்காதீர்கள். முதலில் சங்கத்துக்கு வாருங்கள். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி, நிரந்தரமாக வேலை செய்ய முடியாத நிலை என்று வைத்தியர் உறுதிப்படுத்தினால் வயது வரும் முன்னரே பணத்தைப் பெறலாம். ஐந்து வருடம் முடித்தவருக்கு 1983ஆம் ஆண்டின் சட்டப்படி சேவைக்காலப் பணமும் உண்டு. நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். இவை எவருடைய தர்மமும் அல்ல, உங்கள் உழைப்பு.

நாமே செய்ய வேண்டியது

மற்றவரிடம் கேட்பது ஒரு பக்கம். இனிச் சொல்வது நமக்கு.

தோட்டத்திலும் இங்கேயும் மரணாதார சங்கம் இல்லாத ஊர் இல்லை. ஒருவர் கண்ணை மூடினால் அன்றே பந்தல் வருகிறது, கதிரை வருகிறது, காசு வருகிறது. நல்ல வழக்கம். ஆனால் அதே மனிசி உயிரோடு இரண்டு வாரம் வாட்டில் இருக்கப் பஸ் காசு இல்லாமல் தவித்தபோது ஒரு ரூபாவும் சேர்க்க நமக்குத் தோன்றவில்லை. கதையில் சொன்ன அந்த அக்கா ஒரு நாள் கூட்டத்தில் இதைக் கேட்டார்: "நான் செத்திருந்தா எல்லாரும் வந்திருப்பீங்க. ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஏன் யாரும் வரல?" அன்று எவரும் பதில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தோட்டக் கிளை ஒரு முடிவு எடுத்தது. மரணாதார சங்கத்தின் மாதக் காசோடு சிறு தொகை சேர்த்து ஆஸ்பத்திரி உண்டியல் ஒன்று வைத்தார்கள். வாட்டில் சேர்பவருக்குப் போக்குவரத்துக் காசு அதிலிருந்து. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பவும் சோறு போடவும் இரண்டு வீடு முறை வைத்துப் பொறுப்பு. சிங்களம் தெரிந்த ஓர் இளைஞரோ பிள்ளையோ சேர்க்கும் நாளிலும் துண்டு வெட்டும் நாளிலும் கூடப் போவது. துண்டு வெட்டும் நாள்தான் முக்கியம். மருந்து எது, எத்தனை, எந்தக் கிழமை, அடுத்த கிளினிக் எப்போது என்று கொப்பியில் தமிழில் எழுதிக்கொண்டுதான் வாட்டை விட்டு இறங்க வேண்டும்.

அக்கா இரண்டாம் முறை போனபோது இந்த ஏற்பாட்டோடு போனார். முழுதாக இரண்டு வாரம் இருந்தார். ஒரு விரல் நிமிரவில்லை, நிமிராது. ஆனால் இப்போது துணி பிழிகிறார், மகளுக்குத் தலை பின்னிவிடுகிறார். கொழுந்து மலைக்குப் பதிலாக நாற்று மேடையில் வேலை. அதைச் சங்கம் பேசித்தான் வாங்கியது.

இந்த ஊரிலும் அப்படி ஓர் உண்டியல் வைக்க முடியாதா? கூட்டம் முடிந்ததும் உட்கார்ந்து பேசுவோம்.

முடிக்கும் முன் நாலு விஷயம் மனதில் வையுங்கள். காலை விறைப்பு ஆறு கிழமை நீடித்தால் வைத்தியரிடம் போங்கள். மெதொட்ரெக்சேட் எழுதியிருந்தால் வாரத்துக்கு ஒரு நாள்தான். எந்தக் கிழமை என்று சுவரில் எழுதி வையுங்கள். அதைப் போடும் பெண் பிள்ளைப்பேறு நினைத்தால் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். பெயர் தெரியாத வெள்ளைக் குளிசையை எவர் தந்தாலும் வாங்காதீர்கள். ஏற்கனவே பல நாள் ஸ்டீரொயிட் போடுபவர் அதைத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், வைத்தியரைக் கேட்டுக் குறைக்க வேண்டும். கடைசியாக, வாட்டில் சேரச் சொன்னால் பயந்து ஓடாதீர்கள். போகும் முன் கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள். உங்கள் வீட்டு அடுப்பு எரிவதை நாம் பார்த்துக்கொள்கிறோம்.

தேத்தண்ணி வைத்திருக்கிறார்கள். குடித்துவிட்டு, காலையில் கை விறைக்கும் தாய்மார் யாரும் இருந்தால் கூச்சப்படாமல் இந்த மேசைக்கு வாருங்கள்.